பீரோவில் சாய்ந்த கிட்டார்

போன கோடை விடுமுறையில் தருமபுரியில் அக்கா வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். குமாரசாமிப்பேட்டைப் பக்கம் மாடி வீடு. கீழே வீட்டுக்காரப் பாட்டி, மேலே அக்கா குடும்பம். அக்கா மகள் அப்போதுதான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அவளுக்கு அவள் அப்பா யாரோ வைத்திருந்த பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். கூடவே கைப்பெட்டி அளவில் ஓர் ஆம்ப்ளிஃபயர். அதன் முதுகில் '10 வாட்' என்று போட்டிருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் இடியும் மழையுமாக வந்து கரண்ட் போய்விட்டது. ஆம்ப் ஊமையாகிவிட்டது. அவள் விடவில்லை, இருட்டில் உட்கார்ந்து வெறும் கிட்டாரையே மீட்டிக்கொண்டிருந்தாள்.

"கொசு பாடற மாதிரி இருக்கு மாமா."

"பாப்பா, அந்தக் கிட்டாரோட தலையை பீரோக் கதவுல சாய்ச்சு வெச்சு ஒரு தடவை மீட்டிப் பாரேன்."

சாய்த்தாள். தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள். இரும்புப் பீரோ முழுவதும் கணீரென்று பாடியது. சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "கரண்ட் வந்துடுச்சா?"

கரண்ட் இல்லாமல் அத்தனை சத்தம் எங்கிருந்து வந்தது?

பனையோலை விசிறியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓலைப் பக்கத்தால் விசிறினால் காற்று முகத்தில் அடிக்கும். திருப்பிப் பிடித்து வெறும் காம்பை ஆட்டினால்? கை வலிப்பதுதான் மிச்சம். கிட்டார் கம்பி அந்தக் காம்பு மாதிரி. அது எவ்வளவு வேகமாக ஆடினாலும் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறதே தவிர, காற்றைத் தள்ள அதற்கு அகலம் இல்லை. காற்று தள்ளப்பட்டால்தான் நம் காதுக்கு ஒலி. பீரோக் கதவு ஓலைப் பக்கம். கம்பியின் ஆட்டம் கிட்டாரின் மரம் வழியாகக் கதவுக்குப் போனது, கதவு மொத்தமாக ஆடியது, அறையின் காற்றைத் தள்ளியது.

வீணையின் குடமும் சாதாரண கிட்டாரின் வயிறும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. எலக்ட்ரிக் கிட்டாருக்கு வயிறு கிடையாது, உடம்பு கெட்டியான ஒரே பலகை. அதனால் அதற்கு வேறு ஒரு விசிறி வேண்டும்.

கரண்ட் வந்ததும் கிட்டாரைத் திருப்பிக் கம்பிகளுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினேன். அங்கே கட்டைவிரல் அகலத்தில் நீளமாக ஒரு பிளாஸ்டிக் மூடி. அதற்குப் பெயர் பிக்-அப். உள்ளே காந்தங்கள். காந்தங்களைச் சுற்றி, தலைமுடி அளவே தடிமனுள்ள செம்புக் கம்பி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றுச் சுற்றியிருக்கும். மேலே இருக்கும் எஃகுக் கம்பி ஆடும்போது காந்தப்புலமும் ஆடுகிறது. காந்தப்புலம் ஆடினால் பக்கத்தில் உள்ள சுருளில் மின்சாரம் பிறக்கும். இதை 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார். நம் மேட்டூர் அணையில் மின்சாரம் எடுப்பதும் இதே விதிப்படிதான். அங்கே காவிரித் தண்ணீர் சுழற்றுகிறது, இங்கே ஒரு சிறுமியின் விரல் மீட்டுகிறது. இந்தக் கிட்டாரில் எஃகுக் கம்பியைக் கழற்றிவிட்டு நைலான் கம்பி மாட்டினால் ஆம்பில் ஒரு சத்தமும் வராது. நைலானைக் காந்தம் கண்டுகொள்ளாதே!

பிக்-அப்பில் பிறப்பது மிகச் சிறிய மின்சாரம். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு இருக்கும். சுவர்க் கடிகாரத்துப் பேட்டரியே ஒன்றரை வோல்ட். இந்தச் சின்ன மின்சாரத்தின் ஆட்டத்தை அப்படியே பார்த்து, அதே மாதிரி ஆடும் பெரிய மின்சாரமாக மாற்றித் தருவதுதான் ஆம்ப்ளிஃபயரின் வேலை. பெரிய மின்சாரம் ஸ்பீக்கருக்குப் போகிறது. அங்கேயும் ஒரு சுருள், ஒரு காந்தம். சுருளோடு காகிதக் கூம்பு ஒட்டியிருக்கிறது. சுருள் முன்னும் பின்னும் ஓட, காகிதம் காற்றைத் தள்ளுகிறது. நாம் தேடிய ஓலை விசிறி இதுதான்.

அவள் ஆம்பைப் போட்டாள். வால்யூம் திருகில் 1 முதல் 10 வரை கோடு இருந்தது. மூன்றில் வைத்துத் தடித்த கம்பியை மீட்டினாள். அரை நிமிடம் ஆகியிருக்காது, வாசலிலிருந்து வீட்டுக்காரப் பாட்டியின் குரல்.

"பாப்பா, தலைக்கு மேல உரல் இடிக்கற மாதிரி இருக்குது சாமி!"

திருகை ஒன்றுக்குக் குறைத்தாள். முகம் வாடிவிட்டது. "இப்படி வெச்சா சப்புனு இருக்கு மாமா. போன மாசம் கச்சேரில கேட்டப்ப எவ்வளவு கனமா இருந்துச்சு! எனக்கு 50 வாட் ஆம்ப் வேணும்."

இங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. பாட்டியும் நிம்மதியாக இருக்க வேண்டும், கிட்டாரும் கனமாகக் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்குமா? நடக்கும். ஆனால் 50 வாட்டில் அதற்கு விடை இல்லை.

நம் பக்கத்து மாரியம்மன் திருவிழாவில் பம்பை அடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் அடிக்கிறார். அவரோடு இன்னும் ஒன்பது பேர் சேர்ந்து, மொத்தம் பத்துப் பம்பை அதே பலத்தில் அடித்தால் சத்தம் எத்தனை மடங்காகத் தெரியும்? பத்து மடங்கு என்றுதான் நானும் உங்கள் வயதில் நினைத்திருந்தேன். நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தெரியும். நூறு பம்பை அடித்தால் நான்கு மடங்கு. ஆயிரம் பம்பை கூடினால் எட்டு மடங்கு.

காது ஏன் இப்படிக் கணக்குப் போடுகிறது? அது தாங்க வேண்டிய எல்லை அவ்வளவு பெரியது. இரவில் ஓர் இலை விழும் ஒலியையும் அது கேட்க வேண்டும், இடியையும் கேட்க வேண்டும். காதுக்கு எட்டும் மிகச் சிறிய ஒலியின் ஆற்றலை 1 என்று வைத்தால், காது வலிக்கும் ஒலியின் ஆற்றல் 1,00,000 கோடி. ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு சுழி! இத்தனையையும் ஒரே காது அளக்க வேண்டுமானால், பத்துப் பத்து மடங்காகத் தாண்டித் தாண்டி எண்ணுவதுதான் வழி. அந்தக் கணக்கைத்தான் டெசிபெல் என்கிறோம். ஆற்றல் பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். சாதாரணப் பேச்சு சுமார் 60. சமையலறை மிக்சி 80ஐத் தாண்டும்.

இப்போது அவளுடைய ஆம்புக்கு வருவோம். இந்த மாதிரிச் சின்ன ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபெல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுதாக 10 வாட் கொடுத்தால் 100. 1 வாட்டில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் 80. நூறில் ஒரு பங்கு கொடுத்தால் 70. பேச்சுச் சத்தத்தைவிடச் சற்று உயர்ந்த அந்த 70தான் வீட்டில் பழகப் போதுமான அளவு. அதற்குச் செலவாவது நூறில் ஒரு வாட்! உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பு 9 வாட் எரிக்கிறது. அதில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு போதும், ஓர் அறை முழுக்கக் கிட்டார் கேட்க. அந்த 10 வாட் ஆம்பே அவளுக்குத் தேவையானதைப்போல ஆயிரம் மடங்கு கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது.

"அப்ப 50 வாட் வாங்கினா?"

"அஞ்சு மடங்கு ஆற்றல். 7 டெசிபெல்தான் கூடும், ரெண்டு மடங்கு சத்தம்கூட வராது. அதையும் நீ இந்த வீட்ல திறக்கவே முடியாது."

100 வாட் ஆம்ப்கள் எதற்குப் பிறந்தன தெரியுமா? 1965 வாக்கில் லண்டனில் ராக் குழுக்கள் பெரிய பெரிய அரங்குகளில் வாசிக்க ஆரம்பித்தன. அன்று மைக் செட் பாடகரின் குரலுக்கு மட்டும்தான். கிட்டார் தன் சொந்த பலத்திலேயே கடைசி வரிசை வரை எட்ட வேண்டும். பீட் டவுன்ஷென்ட் போன்றவர்கள் கேட்டுக்கொள்ள, ஜிம் மார்ஷல் என்ற கடைக்காரர் 100 வாட் ஆம்ப் செய்து கொடுத்தார். இன்று சின்ன ஆம்புக்கு முன்னால் மைக் ஒன்றை வைத்தால் போதும், மிச்சத்தை அரங்கின் ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்ளும். ஆகவே கடைக்குப் போனால் வாட் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். பத்துக்குப் பத்து அறையில் பழகுகிறவருக்கு 5 வாட்டே தாராளம்.

சரி, அளவு தெரிந்துவிட்டது. ஆனால் சத்தத்தைக் குறைத்ததும் கிட்டார் ஏன் சப்பென்று ஆகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அவளை இரண்டு சுரம் வாசிக்கச் சொன்னேன். தடித்த கம்பியில் மூன்றாவது கட்டத்தில் விரல் வைத்தால் கம்பி நொடிக்கு 98 முறை ஆடும். மெல்லிய கம்பியில் பத்தொன்பதாவது கட்டத்தில் 988 முறை. ஏறக்குறைய 100, ஏறக்குறைய 1000. 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹார்வி ஃப்ளெச்சர், முன்சன் என்ற இருவர் பலரை உட்காரவைத்துக் காதில் ஒலிகளைக் கொடுத்து, "இது பெரியதா, அது பெரியதா?" என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார்கள். 1000 அதிர்வு ஒலியை 40 டெசிபெல்லில் மெதுவாக வைத்தால், 100 அதிர்வு ஒலி அதற்குச் சமமாகக் கேட்க எவ்வளவு வேண்டும்? இன்றைய சர்வதேச அளவீட்டின்படி சுமார் 64. அதாவது 24 டெசிபெல் கூடுதல். அதே 1000 அதிர்வு ஒலியை 80க்கு ஏற்றினால் 100 அதிர்வு ஒலிக்கு 92 போதும். 12தான் கூடுதல்.

இதற்கு என்ன அர்த்தம்? மெதுவான ஒலியில் நம் காது கனத்த சுரங்களைப் பாதி விட்டுவிடுகிறது. சத்தம் ஏற ஏற அவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. கச்சேரியில் அவள் கேட்ட கனத்தில் ஒரு பங்கு கிட்டாரிலும் இல்லை, ஆம்பிலும் இல்லை, அவள் காதுக்குள் உண்டானது. வீட்டில் திருகைக் குறைத்தபோது ஆம்ப் எல்லாச் சுரங்களையும் ஒழுங்காகத்தான் குறைத்தது. காதுதான் கனத்த சுரங்களைக் கூடுதலாகக் குறைத்துக்கொண்டது. மிக உயர்ந்த சுரங்களிலும் இதே சங்கதி கொஞ்சம் உண்டு.

தெரிந்துவிட்டால் மருந்து எளிது. ஆம்பில் பேஸ், மிடில், ட்ரெபிள் என்று மூன்று திருகு இருந்தன. பேஸை நடுவிலிருந்து இரண்டு கோடு ஏற்றினோம், ட்ரெபிளை ஒரு கோடு. வால்யூம் திருகு அதே ஒன்றில்தான் இருந்தது. அவள் மீட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "கொஞ்சம் சதை பிடிச்ச மாதிரி இருக்கு மாமா!" ஆனால் ஒன்று, பள்ளி ஆண்டு விழாவில் சத்தமாக வாசிக்கப் போகும்போது அந்தத் திருகுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அங்கே காது கனத்த சுரங்களை முழுதாக வாங்கிக்கொள்ள, கொழகொழவென்று ஆகிவிடும்.

அடுத்து அவள் கேட்டது ராக் பாட்டுகளில் வரும் கரகரப்பு. அவள் ஆம்பில் கெய்ன் என்று இன்னொரு திருகும் இருந்தது. நாம் பார்த்த வால்யூம் திருகுக்கு மாஸ்டர் என்று பெயர். இரண்டும் சேர்ந்தால், அது இரண்டு மதகு உள்ள வாய்க்கால் மாதிரி. முதல் மதகு கெய்ன். அதை நிறையத் திறந்தால் உள்ளே வரும் அலை, சுற்றமைப்பு தாங்கும் உயரத்தைத் தாண்டிவிடும். ஒரு தாளில் வளைந்து வளைந்து அலை ஒன்றை வரைந்து, அதன் முகடுகளைக் கத்தரியால் நேராக வெட்டுங்கள். உருண்டையாக இருந்த தலைகள் தட்டையாகிவிடும். அலையின் உருவம் மாறினால் அதில் இல்லாத புதிய மேல் சுரங்கள் வந்து சேரும். அதுதான் கரகரப்பு. கடைசி மதகு மாஸ்டர். கரகரப்பு உண்டான பிறகு, அதில் எவ்வளவு வெளியே போக வேண்டும் என்பதை மட்டும் அது பார்க்கிறது. கெய்னை ஏற்றி மாஸ்டரை இறக்கினால், பாட்டியை எழுப்பாத ராக் கிட்டார் தயார்.

பழைய ஆம்ப்களில் மாஸ்டர் கிடையாது. தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் செக்கச்செவேலென்று ஒளிரும் கண்ணாடிக் குழல்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே வால்வுகள்தான் அந்த ஆம்ப்களிலும் இருந்தன. கரகரப்பு வேண்டுமானால் ஊர் அதிர வைத்தே ஆக வேண்டும். 1964இல் லண்டனில் டேவ் டேவிஸ் என்ற 17 வயதுப் பையன் வேறு வழி கண்டுபிடித்தான். தன்னுடைய சின்ன ஆம்பின் ஸ்பீக்கர்க் காகிதத்தையே பிளேடால் கீறிவிட்டான். கிழிந்த காகிதம் படபடத்துக் கரகரத்தது. அவனுடைய 'தி கிங்க்ஸ்' குழு அந்த ஒலியோடு வெளியிட்ட பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. இன்று அந்த வேலையைக் கெய்ன் திருகு செய்கிறது. உங்கள் வீட்டு ஸ்பீக்கரில் பிளேடை வைக்காதீர்கள்.

இனி பாட்டியின் உரல். அவர் சரியான சொல்லைத்தான் சொன்னார். உரல் இடிக்கும் சத்தம் காற்றில் போவதைவிடத் தரை வழியாக அதிகம் போகும். ஆம்பைக் கிரானைட் தரையில் அப்படியே வைத்திருந்தாள். ஆம்ப் பெட்டி ஆட, தரை ஆட, பாட்டியின் கூரை ஆடியது. பீரோக் கதவில் நடந்ததே இங்கேயும். பாட்டியின் கூரைதான் இப்போது விசிறி! ஒரு கோணிச் சாக்கை நான்காக மடித்து மர ஸ்டூல் மேல் போட்டு, அதன்மேல் ஆம்பை வைத்தோம். சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் தள்ளி வைத்தோம். தடித்த கம்பி திறந்து ஒலித்தால் நொடிக்கு 82 அதிர்வு. காற்றில் அந்த அலையின் நீளம் நான்கு மீட்டருக்கு மேல், அதாவது அவள் அறையைவிடப் பெரியது. அப்படிப்பட்ட அலைகள் சுவரில் மோதித் திரும்பி மூலைகளில் குவியும், மெல்லிய சுவரையும் தாண்டும். ட்ரெபிள் அப்படி இல்லை. அது ஸ்பீக்கரிலிருந்து டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும், ஒரு கம்பளி தடுத்தால் வெகுவாகக் குறைந்துவிடும். ஆம்ப் தரையில் இருந்தபோது அவளுடைய ட்ரெபிள் எல்லாம் முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டூலில் ஏறியதும் காதுக்கு நேராக வந்தது. அதனால் மாஸ்டரை இன்னும் கொஞ்சம் இறக்க முடிந்தது.

பாட்டியிடம் போய்க் கேட்டு வரச் சொன்னேன். ஓடிப்போய் வந்தாள். "ரெண்டு தெரு தாண்டிக் கல்யாண வீடு இருக்கற மாதிரி கேக்குதாம். பரவால்லன்னு சொன்னாங்க."

சட்டமும் பாட்டியின் பக்கம்தான். நம் நாட்டில் ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டு வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்று அவை எல்லை வைத்திருக்கின்றன. அது வெளியே தெருவில் அளக்கும் அளவு. அறைக்குள் 70இல் வாசித்தால் சுவரும் கதவும் கழித்தது போக வெளியே போவது குறைவாகவே இருக்கும். இரவு பத்துக்கு மேல் அதையும் வாசிக்காமல் இருப்பதுதான் அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதை.

ஒகேனக்கலுக்குப் போயிருப்பீர்கள். அருவிக்குப் பக்கத்தில் பரிசலில் போகும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசுவது வாயசைவாகத்தான் தெரியும். அவர் குரல் குறையவில்லை. அருவியின் இரைச்சலில் கனத்ததும் மெல்லியதுமாக எல்லா அதிர்வுகளும் கலந்திருப்பதால், அவருடைய குரலை அது மூடிவிடுகிறது. வீட்டில் இந்த வேலையை மின்விசிறி செய்கிறது. டிவி செய்கிறது, மிக்சி செய்கிறது. அவற்றை வெல்ல நாம் திருகை ஏற்றுகிறோம், தெரியாமலே. நான் கைபேசியில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்து ஸ்டூல் பக்கத்தில் வைத்தேன். இந்தச் செயலிகள் துல்லியமானவை அல்ல, கூடுதல் குறைச்சலை ஒப்பிட மட்டும் உதவும். மின்விசிறி ஐந்தில் ஓடும்போது அவள் 'சரியா இருக்கு' என்று சொன்ன அளவு ஒன்று. விசிறியை நிறுத்தியபிறகு சொன்ன அளவு அதைவிட 8 டெசிபெல் குறைவு. தருமபுரி மே மாதத்தில் விசிறியை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டில் வைத்தோம்.

இன்னொரு உறுமலும் இருந்தது. அவள் கையை எடுத்தாலும் 'ம்ம்ம்' என்று ஆம்ப் முனகிக்கொண்டே இருந்தது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஓடுவதால், பழைய டியூப்லைட் சோக்கிலும் விசிறி ரெகுலேட்டரிலும் அந்த ஆட்டம் உண்டு. பிக்-அப் சுருள் அதையும் கம்பியின் ஆட்டம் என்று நினைத்து வாங்கிக்கொள்கிறது. அவளை நாற்காலியோடு மெதுவாகச் சுற்றச் சொன்னேன். ஜன்னலைப் பார்த்தபோது முனகல் பாதியாகக் குறைந்தது. அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டாள். ஆம்பின் மூன்று பின் பிளக்கில் தடித்த பின் எர்த். முனகல் போகட்டும் என்று சிலர் அதை முறிப்பார்கள். எஃகுக் கம்பியில் கை வைத்து வாசிக்கிறீர்கள், எர்த் இல்லாத ஆம்பில் கசிவு வந்தால் அது உங்கள் உடம்பு வழியாகத்தான் போகும். எர்த் உள்ள சுவிட்ச் போர்டு எது என்று பெரியவர்களைக் கேட்டு அதில் மட்டும் மாட்டுங்கள்.

அன்று இரவு சாப்பிடும்போது ஒருவரைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். 1969இல் ஆந்திராவின் பாலக்கொல்லுவில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, கர்நாடக இசை உலகையே தன் பக்கம் திருப்பிய சிறுவன். மாண்டலின் சின்ன வாத்தியம். இரண்டிரண்டாக எட்டுக் கம்பி. மீட்டினால் ஒலி 'டிங்' என்று வந்து உடனே அணைந்துவிடும். நம் சங்கீதத்துக்கோ கமகம்தான் உயிர். ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, அது மறைவதற்குள் விரலால் இழுத்து, ஆட்டி, அடுத்த சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அணைந்துபோன ஒலியை எப்படி ஆட்டுவது? அவர் எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்தார். இரட்டைக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பி வைத்துக்கொண்டார். கம்பியின் ஆட்டம் உண்மையில் சட்டென்று நின்றுவிடுவதில்லை, நம் காதுக்கு எட்டாத அளவுக்குச் சிறிதாகித் தொடர்கிறது. பிக்-அப்பும் ஆம்பும் அந்தக் கடைசிச் சின்ன ஆட்டத்தையும் பிடித்துக் காட்டின. ஒரே மீட்டலில் நீண்ட கமகம் வந்துவிட்டது. மேல்நாட்டு வாத்தியம், அதிலும் மின்சார வாத்தியம் என்று முகம் சுளித்தவர்களும் கேட்டுவிட்டு அமைதியானார்கள். 1998இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2014இல், 45 வயதிலேயே மறைந்தார்.

அவர் கையில் ஆம்ப் என்பது சத்தம் போடும் பெட்டியாக இருக்கவில்லை. மெல்லியதைக் கேட்கவைக்கும் கண்ணாடியாக இருந்தது, பூதக்கண்ணாடி எறும்பின் காலைக் காட்டுகிறதே அதுபோல. நூறில் ஒரு வாட்டில் வாசிக்கும் ஒரு பெண் குழந்தைக்கும் ஆம்ப் அதே வேலையைச் செய்யத் தயாராக இருக்கிறது. சொல்லப்போனால், சத்தம் குறைந்த அறையில்தான் விரல் தப்பாகக் கம்பியில் உரசுவதும், இரண்டு சுரங்களுக்கு நடுவே ஒலி அறுந்துபோவதும் தெளிவாகத் தெரியும். பெரிய சத்தத்தில் அவை மறைந்துகொள்ளும்.

"ஹெட்போன் போட்டா பாட்டிக்குக் கேக்கவே கேக்காதே?" என்றாள். நல்ல கேள்வி. ஆம்பின் பக்கவாட்டில் அதற்கு ஓட்டையும் இருந்தது. டாம் ஷோல்ஸ் என்ற பொறியாளர் ஒருவர் ராக் கிட்டாரும் வாசிப்பவர். அவர் 1982இல், இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன் ஆம்ப் ஒன்றைச் செய்து விற்றார். அதற்குப் பிறகு நடுராத்திரியிலும் ஊரை எழுப்பாமல் பழக முடிந்தது. ஆனால் ஹெட்போனில் ஓர் ஆபத்து உண்டு. 'குறைச்சு வை' என்று சொல்ல அங்கே பாட்டி இல்லை.

நம் ஒவ்வொரு உள்காதிலும் சுமார் 16,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலி அலையில் அவை நெல் நாற்று போல ஆடி, மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பெரிய சத்தத்தில் அவை சாய்ந்து, முறிந்து, செத்துப்போகும். கோழிக்கு அவை மறுபடி முளைக்கும், விஞ்ஞானிகள் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். மனிதருக்கு முளைக்காது. பிறந்தபோது வந்தவைதான் கடைசி வரைக்கும். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்லும் எல்லை, 75 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும். 78க்கு 20 மணி, 81க்கு 10 மணி, 90க்கு ஒன்றேகால் மணிதான், அதுவும் ஒரு வாரம் முழுமைக்கும். அதனால் ஹெட்போனில் பழகினால் திருகை முதலில் சுழியில் வைத்துவிட்டு, கேட்க ஆரம்பிக்கும் இடத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழ வேண்டும். விழவில்லை என்றால் கூடிவிட்டது என்று அர்த்தம். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றிவிட்டு மொட்டை மாடியில் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்.

நான் கிளம்புவதற்கு முந்தின இரவு, மணி ஒன்பது இருக்கும். மழைக்குப் பின் காற்று குளிர்ந்திருந்ததால் விசிறி ஓடவில்லை. அவள் சாக்பீஸ் கோட்டில் நாற்காலியைப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். கெய்ன் நாலு, மாஸ்டர் ஒன்றுக்கும் கீழே. தடித்த கம்பியை ஒரே ஒரு முறை மீட்டிவிட்டுக் கையை எடுத்தாள். இருவரும் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தோம். எனக்குப் பதினொன்றில் ஒலி மறைந்துவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறு, பதினேழு என்று உதடு அசைந்தது. கீழே பாட்டியின் கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"பத்தொம்போது மாமா," என்றாள்.